மிராசுதார் காலும் கன்னியம்மா காலும்

புதிதாக டாக்டர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் நல்ல வார்த்தைகளின் இருப்பு எப்போதும் குறைவு. அதனால் ஒரு கதை சொல்கிறேன். கேட்டுவிட்டு வேலைக்குப் போங்கள்.

இந்தப் பக்கம், பூந்தமல்லி, காட்டுப்பாக்கம், வானகரம் எங்கே போனாலும் முதல் வாரத்திலேயே உங்களிடம் ஒரு யானைக்கால் வந்து சேரும். நீங்கள் மாத்திரை எழுதிக் கொடுப்பீர்கள். உங்கள் காலத்தில் புழுவைக் கொல்ல மாத்திரை வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் அந்த மாத்திரை, வீங்கிப்போன காலைப் பழைய காலாக்காது. ரத்தத்துக்கு ஒரு வழி இருப்பதுபோல உடம்பில் நிணநீருக்கும் ஒரு வழி உண்டு. அந்த வழியில் புழு குடியேறி அதைப் பாழாக்கிவிட்டால் நீர் தேங்கும். தேங்கிய காலில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தால் போதும், கிருமி உள்ளே போய்க் குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும். ஒவ்வொரு காய்ச்சலும் போகும்போது காலை இன்னும் கொஞ்சம் பருக்கவைத்துவிட்டுப் போகும். ஆகவே காலைக் கழுவு, துடை, கட்டு, உயரமாகத் தூக்கி வை. எனக்குப் பாடம் சொன்ன வெள்ளைக்கார டாக்டரம்மா இந்த நாலு வார்த்தையைச் சொல்லிவிட்டு, "இதைச் சொல்ல எல்லாருக்கும் தெரியும், செய்யவைக்கத்தான் டாக்டர் வேண்டும்" என்பார். அவர் சொன்னது கரையான்சாவடிக்கு வந்தபிறகுதான் எனக்குப் புரிந்தது.

வெள்ளைக்காரர்கள் ஆண்டுகொண்டிருந்த காலம். நான் எல்.எம்.பி. என்ற சின்ன டாக்டர் படிப்புப் படித்துவிட்டு இங்கே லோக்கல் போர்டு ஆஸ்பத்திரிக்கு டாக்டராக வந்தேன். ஆஸ்பத்திரி என்றால் ஓட்டுக் கட்டடம் ஒன்று, கிணறு ஒன்று, கம்பவுண்டர் ஒருவர். பொம்பளை டாக்டர் என்பதால் பிரசவம் மட்டும்தான் பார்ப்பேன் என்று ஊர் முடிவு செய்திருந்தது. பிரசவம் பார்க்கவும் என்னைக் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம்.

அப்போது வந்தவள்தான் கன்னியம்மா. காட்டுப்பாக்கம் சேரி. நடவு வேலை செய்கிறவள், முப்பது வயது இருக்கும். இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கியிருந்தது. கால்விரல்களின் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். மாதம் தவறாமல் குளிர்காய்ச்சல் வந்து படுத்துவிடுகிறாள். படுத்தால் கூலி இல்லை. நான் அவளுக்குச் சோப்புக் கட்டி கொடுத்து, தினமும் இரண்டு வேளை கழுவி ஈரம் போகத் துடைத்து, களிம்பு போட்டு, கட்டுத்துணி சுற்றச் சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த தடவை வந்தபோது கால் முன்னைவிட மோசமாக இருந்தது. எங்கள் கம்பவுண்டர் நல்ல மனிதர், ஆனால் ஏழைகளுக்கு நோய் குணமாகாவிட்டால் அது ஏழைகளின் திமிர் என்று நம்புகிறவர்.

"சொன்னத செஞ்சாதான கொணமாவும்? சோம்பேறிக் கழுதைங்க" என்றார்.

"கழுவிகினுதாங்க கீறேன். சோப்பு தேஞ்சி காயிதமாப் பூட்ச்சி, பாருங்க" என்று கன்னியம்மா மடியிலிருந்து எடுத்துக் காட்டினாள். உண்மையாகவே அது காகிதம்போல மெலிந்திருந்தது.

"எதுல கழுவற?" என்று கேட்டேன்.

"குட்டைலதாம்மா. வேற எதுல கழுவறது?"

அந்தக் குட்டையை நான் பார்த்திருந்தேன். சேரிக்கும் ஊருக்கும் நடுவில் கிடந்தது. எருமைகள் படுப்பது அதில்தான், சேரி ஜனங்கள் குளிப்பதும் குடிப்பதும் அதில்தான். ஊருக்குள் மூன்று நல்ல கிணறுகள் இருந்தன. அவற்றின் பக்கம் அவள் நிழல் விழக்கூடாது. சுத்தமான தண்ணீரில் கழுவு என்று நான் எழுதிய மருந்துச்சீட்டில் சோப்பு, களிம்பு, துணி எல்லாவற்றையும் சர்க்கார் கொடுத்தது. தண்ணீரைத் தரத்தான் ஆள் இல்லை.

நோயாளி சொன்னபடி செய்யவில்லை என்று உங்களுக்குத் தோன்றும்போதெல்லாம் இரண்டாவதாக ஒரு கேள்வி கேளுங்கள். முதல் கேள்விக்கு வரும் பதிலை வைத்துத் திட்டத்தான் முடியும்.

அதற்கப்புறம் கன்னியம்மாவை வேலை முடிந்து போகும்போது ஆஸ்பத்திரிக்கே வரச் சொன்னேன். நான் கிணற்றில் நீர் இறைத்து ஊற்றுவேன், அவள் கழுவுவாள். கம்பவுண்டர் அந்த நேரம் பார்த்து உள்ளே போய்ப் புட்டிகளைத் துடைப்பார். எங்கள் ஆஸ்பத்திரிப் புட்டிகள் அவ்வளவு பளபளப்பாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. கொஞ்ச நாளில் புண் ஆறியது. கட்டு போட்ட கால் மெல்ல இறங்கத் தொடங்கியது. பிறகு மிராசுதார் வீட்டிலிருந்து எனக்கு ஆள் வந்தது.

காட்டுப்பாக்கத்தில் பாதி நிலம் அந்த மிராசுதாருடையது. கன்னியம்மா நட்டது அவர் வயலில்தான். போர்டில் அவர் வைத்ததுதான் சட்டம். என் சம்பளமும் மாற்றலும் அவர் நாக்கு நுனியில் இருந்தன. அவருக்கும் ஒரு கால் யானைக்கால். அது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாது என்று நம்பியவர் அவர் ஒருவர்தான். எப்போதும் தரையைத் தொடும்படி வேட்டி கட்டுவார். உட்கார்ந்தால் காலின்மேல் சால்வையைப் போட்டுக்கொள்வார். அவர் எதிரே வந்தால் ஜனங்கள் அவர் தலைப்பாகையைப் பார்த்து மட்டும் கும்பிடுவார்கள். இடுப்புக்குக் கீழே பார்வை போய்விட்டால் குத்தகை போய்விடும்.

"கெணத்தாண்ட அவளுங்கள உட்டுகினு கீறீங்களாமே?" என்று ஆரம்பித்தார்.

"அவள் கிணற்றைத் தொடுவதில்லை. நான்தான் இறைத்து ஊற்றுகிறேன்."

"நீங்க எறைக்கிறது அத்த உட அசிங்கம். டாக்டருக்குப் படிச்சது தண்ணி ஊத்தவா?"

"இந்த வியாதிக்குத் தண்ணீர்தான் மருந்து."

"இன்னா வியாதி?"

நான் அவருடைய சால்வையைப் பார்த்தேன். அவர் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நாளையிலேருந்து நிறுத்திக்கோங்க. இல்லாங்காட்டி வேற ஊருக்குப் போய் ஊத்துங்க" என்றார். பக்கத்தில் அவருடைய மனைவி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "அந்தப் பொண்ணுக்கு கால் எறங்குச்சாமே, நெசமாம்மா?" என்று கேட்டார். நிஜம் என்றேன்.

நான் நிறுத்தவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள். மாற்றல் உத்தரவு வந்துசேர எவ்வளவு காலமாகும் என்பது எனக்குத் தெரியும். அதற்குள் இன்னும் கொஞ்சம் கால் இறங்கட்டும் என்று ஒரு கணக்கு. உத்தியோகத்தில் இருப்பவர்களுக்குச் சர்க்காரின் தாமதம் சில நேரம் பெரிய ஒத்தாசை.

மிராசுதாருக்கு வைத்தியம் பார்த்தவர் சென்னையிலிருந்து மோட்டாரில் வருகிற ஒரு பெரிய டாக்டர். சீமையில் படித்தவர். அவர் போட்டது பால் ஊசி. சிரிக்காதீர்கள், காய்ச்சிய பாலை ஊசியில் ஏற்றுகிற வைத்தியம் அப்போது உலகமெங்கும் இருந்தது. பால் உள்ளே போனால் காய்ச்சல் வரும், அந்தக் காய்ச்சல் நோயை விரட்டும் என்பது சித்தாந்தம். காய்ச்சலால்தான் கால் பருக்கிறது என்னும்போது, காய்ச்சலை விலை கொடுத்து வாங்குவானேன் என்று யாரும் கேட்கவில்லை. மோட்டாரில் வருகிறவரிடம் எப்படிக் கேட்பது?

ஒருநாள் காலையில் மிராசுதார் வீட்டு வில்வண்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. அனுப்பியவர் அவர் மனைவி. நான் போனபோது மிராசுதார் பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அந்தக் காலைப் பார்த்தேன். தொடைவரை சிவந்து, அடுப்பிலிருந்து எடுத்ததுபோல் கொதித்தது. தொடை இடுக்கில் நெறி கட்டி வீங்கியிருந்தது. சீமை டாக்டர் கத்தியைக் கொதிநீரில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பழுத்துவிட்டது. ஆழமாகக் கீறி உள்ளே இருப்பதை வடித்துவிடப் போகிறேன்" என்றார்.

நான் காலை அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தேன். சீழ் இருந்தால் விரலுக்கு அடியில் தளும்பும். இது எங்கேயும் தளும்பவில்லை. விரல் இடுக்கில் பார்த்தேன். கன்னியம்மாவுக்கு இருந்த அதே சேற்றுப்புண். இவர் சேற்றில் காலே வைக்காதவர். ஆனால் மூன்று வேளை ஆசாரமாகக் குளிக்கிறவர், ஒரு வேளையும் கால்விரல் இடுக்கைத் துடைக்காதவர். அவளைத் தண்ணீர் இல்லாமை கெடுத்தது, இவரைத் தண்ணீர் கெடுத்தது.

"சீழ் இல்லை டாக்டர். கீறினால் நிணநீர்தான் வடியும். நீர் கோத்த தோல் ஒட்டாது, காயம் ஆறாமல் புரையோடும்" என்றேன்.

"நீங்கள் எல்.எம்.பி. தானே?"

"ஆமாம்."

"நான் சீமையில் ஐந்து வருஷம் இருந்தவன்."

"அங்கே யானைக்கால் உண்டா டாக்டர்?"

அவர் கொதிநீரில் கிடந்த கத்தியைத் திருப்பிப் போட்டார். மிராசுதார் நடுக்கத்துக்கு நடுவிலும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இவளா என்று கேட்கிற பார்வை. அந்த நேரத்தில் எனக்கு இருந்த பயத்தை உங்களிடம் மறைப்பானேன்? நான் சொன்னபடி கேட்டு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், பொம்பளை டாக்டர் பழிவாங்கிவிட்டாள் என்று ஊர் சொல்லும். சீமை டாக்டர் கீறி அவர் செத்தால் அது விதி. வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறுவதுதான் எனக்கு லாபம்.

அவர் மனைவி என்னிடம் கேட்டார். "கீறினா எப்போ ஆறும், கீறாட்டி எப்போ எறங்கும்? ரெண்டு பேரும் சொல்லுங்க."

சீமை டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நான், "கீறாவிட்டால் ஒரு வாரத்தில் காய்ச்சல் இறங்க வேண்டும் அம்மா. தினமும் காலையும் மாலையும் வந்து அழுத்திப் பார்ப்பேன். எங்கேயாவது தளும்பினால் நானே கீறச் சொல்வேன்" என்றேன்.

அந்த அம்மாள் கொதிநீர்ப் பாத்திரத்தைக் கத்தியோடு தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது பாத்திரம் மட்டும்தான் இருந்தது. "கத்தி சூடா கீது டாக்டரய்யா. ஆறனதும் உங்க வண்டில வெக்கச் சொல்றேன்" என்றார்.

காலை மெத்தைகளின்மேல் உயர்த்தி வைத்தோம். குளிர்ந்த ஈரத்துணி போட்டோம். கஞ்சியும் தண்ணீருமாகக் குடிக்கவைத்தோம். விரல் இடுக்கைக் கழுவித் துடைத்துக் களிம்பு போட்டோம். வேறு மருந்து எங்களிடம் இல்லை. இரண்டு நாள் காலையும் மாலையும் போய் அழுத்திப் பார்த்தேன். பிறகு காய்ச்சல் இறங்கியது, சிவப்பு தணிந்தது, தோல் வெங்காயச் சருகுபோல உரிந்து வந்தது. சீமை டாக்டர் மறுபடி வந்து பார்த்து, பால் ஊசி நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு உரிய மரியாதையும் வாங்கிக்கொண்டார்.

அன்று நான் கற்றுக்கொண்டதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நெருக்கடியில் எல்லோரும் ஏதாவது செய் என்பார்கள். செய்யாமல் இருப்பதும் ஒரு வைத்தியம். ஆனால் செய்யாமல் இருக்கிறவர்தான் காலையும் மாலையும் போய்ப் பார்க்க வேண்டும். கீறினவர் மோட்டாரில் ஏறிப் போகலாம்.

உடம்பு தேறியதும் மிராசுதார் என்னை உட்காரச் சொன்னார். அதற்கு முன் சொன்னதில்லை. சால்வை இல்லை. கால் முக்காலியின்மேல் கட்டோடு இருந்தது.

"எனுக்கு இது எப்டி வந்துச்சு? நம்ம வம்சத்துல யாருக்கும் கெடையாது. பங்காளி செய்வினை வெச்சிட்டான்னு ஒருத்தன் சொல்றான்."

"கொசு வைத்ததுங்க."

கொசு ஒருவரைக் கடித்து ரத்தம் குடிக்கும்போது புழுவின் குஞ்சுகளும் சேர்ந்து உள்ளே போகும், அவை அதன் உடம்பில் வளரும், பிறகு அது கடிக்கிற அடுத்த ஆளுக்கு வந்துசேரும் என்று விளக்கினேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு ரத்தத்துலேருந்து?"

"யார் ரத்தத்திலிருந்தும். கொசு விசாரிப்பதில்லை."

"அந்தத் தெருவுலேருந்தும் வருமா?"

"வரும்."

"அவனுங்கள கடிச்ச வாயால நம்மள கடிக்கிமா?"

"வருஷக்கணக்காகக் கடித்துக்கொண்டிருக்கிறது. குளித்துவிட்டு வருவதாகவும் தெரியவில்லை."

அவர் முகம் போன போக்கை என்னால் வர்ணிக்க முடியாது. காய்ச்சலில்கூட அந்த மனிதர் அவ்வளவு வெளுக்கவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் வேலியைத் தாண்டி, ஆசாரத்தைத் தாண்டி, சுண்டுவிரல் நகத்தளவு இல்லாத ஒரு பூச்சி தினமும் சேரிக்கும் தன் கட்டிலுக்கும் போக்குவரத்து நடத்தியது அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

"எங்க மொளைக்கிது இந்த எழவு?"

"அழுக்குத் தண்ணீரில். அந்தக் குட்டையில் கொள்ளையாக. உங்கள் கொல்லைச் சாக்கடையும் அதில்தான் வந்து விழுகிறது."

சாக்கடை அவர் காதில் விழவில்லை. "குட்டையத் தூத்துட்றேன். நாளைக்கே" என்றார்.

என் பையில் ஒரு பிரசங்கம் தயாராக இருந்தது. மனிதருக்கு மனிதர் தண்ணீர் மறுக்கலாமா என்று தொடங்கும். அந்த அறைக்காகவே பல நாள் மனசுக்குள் செய்துவைத்தது. அதை அன்று அவிழ்த்திருந்தால் எனக்குத் திருப்தி கிடைத்திருக்கும், கன்னியம்மாவுக்குத் தண்ணீர் கிடைத்திருக்காது. அதனால் இதை மட்டும் கேட்டேன்.

"தூர்த்துவிட்டால் அந்த ஜனங்கள் தண்ணீருக்கு எங்கே போவார்கள்?"

பதில் சொன்னது அவர் மனைவி. "எங்க போவாங்க? நம்ம கெணத்துக்குத்தான் வருவாங்க. வேற போக்கு?"

அந்தக் கோடையிலேயே சேரிக்குப் பக்கத்தில் கிணறு வெட்டியாகிவிட்டது. நல்ல ஊற்று. உறை இறக்கி, மேடை கட்டி, கால் கழுவக் கல்லும் போட்டார்கள். அதை மட்டும் நான் கேட்டு வாங்கினேன். சாக்கடையை மூடச் சொல்லி நான் நச்சரித்ததை அவர் மனைவி நிறைவேற்றினார். குட்டை மண்ணாயிற்று. திறப்பு விழாவில் மிராசுதார் மாலையோடு நின்று, ஏழைகள் தாகத்தால் வாடுவது தன் நெஞ்சை நெடுநாளாக அறுத்துக்கொண்டிருந்ததாகப் பேசினார். கிணற்றில் அவர் பேரைப் பொறித்த கல்லும் இருந்தது. கம்பவுண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மாற்றல் உத்தரவு வரவே இல்லை.

கிணறு வந்த காரணம் அசிங்கமானது, எனக்குத் தெரியும். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலருக்கு இப்போது என்மேல் கோபம் வருவதும் தெரிகிறது. வரட்டும். நல்ல காரணத்துக்காகக் காத்திருந்தால் கன்னியம்மா அந்தக் குட்டையில் இன்னும் எத்தனை சோப்புக் கட்டி கரைத்திருப்பாள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கெட்ட காரணத்துக்காக ஊறுகிற தண்ணீரும் புண்ணைக் கழுவுகிறது. ஆனால் அந்தக் காரணம்தான் நியாயம் என்று மட்டும் ஒருநாளும் நம்பிவிடாதீர்கள். கோபத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த ஊரில் தேவைப்படும்.

இரண்டு கால்களும் பழைய கால்களாகவில்லை. அப்படி ஆகும் என்று யாருக்கும் சொல்லாதீர்கள். மிராசுதாருக்குக் காய்ச்சல் அபூர்வமாயிற்று, விரல் இடுக்கைத் துடைக்க மனைவி குனிந்தார். கன்னியம்மாவின் கால் அவர் காலைவிட நன்றாக இறங்கியது. அவளுக்குத் துடைத்துவிட ஆள் இல்லாததால் தானே ஒழுங்காகத் துடைத்தாள்.

ஒருநாள் கட்டு மாற்ற வந்தவள், "கொசுவாலதான் எங்களுக்குக் கெணறு வந்துச்சாமே, ஊரே பேசிக்கிது. நெசமாம்மா?" என்று கேட்டாள். அவளிடம் மறைக்க எனக்கு மனமில்லை. கொசு எப்படி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோகிறது என்று மிராசுதாருக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன். கட்டுத்துணியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கள்ட்டேருந்து அவருக்குப் போச்சுன்னா, அவருகிட்டேருந்து எங்களுக்கும் வருமில்ல?"

"வரும்."

"அப்ப இந்தக் காலு அவரு குடுத்ததாக்கூட இருக்குமா?"

"இருக்கலாம். யாரால் சொல்ல முடியும்?"

கன்னியம்மா தன் காலைத் திருப்பிப் பார்த்தாள்.

"கூலிக்கு மேல ஒண்ணுமே குடுக்காத மனுசன்னு இத்தினி வருசமா தப்பாப் பேசிகினு இருந்துட்டேம்மா" என்றாள். பிறகு குனிந்து, விரலிலிருந்து தொடங்கிக் கட்டை இறுக்கமாகச் சுற்ற ஆரம்பித்தாள்.